செருப்படி அண்ணனின் ஆயுதம்

போர்ட் பிளேரில் பெரிய மனிதர் என்று பெயர் வாங்கிய யாராக இருந்தாலும் சரி, செருப்படி அண்ணன் கையால் ஒரு தடவையாவது செருப்படி வாங்கியிருப்பார். டாக்டர், வக்கீல், கான்ட்ராக்டர், ஹோட்டல் முதலாளி, ரிட்டயரான அதிகாரி என்று ஒருவரும் தப்பவில்லை. அடி வாங்கிய விஷயம் அவர்களுக்கே தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

பதறாதீர்கள். அடி விழுந்தது ஆள் மேல் அல்ல, பெயர் மேல். ஆனால் முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் பதறினேன். அதற்குப் பிறகும் பதறிக்கொண்டேதான் இருந்தேன். அந்தக் கடையில் எனக்கு வேலை டிசைன் போடுவது என்றாலும், நான் அதிகம் செய்தது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

நான் சிவகாசிக்காரி. காலண்டர் ஆபீசில் லட்சுமிக்கு நகை கூட்டுவதும், முருகனின் மயிலுக்குக் கலர் ஏற்றுவதுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் வளர்ந்தவள். வீட்டுக்காரருக்கு அந்தமான் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போனபோது, டெலானிபூர் மேட்டில் ஒரு பெயர்ப் பலகைக் கடையில் சேர்ந்தேன். முதலாளி காரைக்குடிக்காரர், எதற்கெடுத்தாலும் பயப்படுவார். கடைக்குள்ளே, கம்ப்யூட்டரில் போட்ட டிசைன்படி மரத்தைக் குடையும் ஒரு பெரிய சிஎன்சி மெஷின். அதற்குப் பக்கத்தில் ஒரு மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் செருப்படி அண்ணன்.

வேலை என்னவென்றால், அந்தமான் காட்டுச் சிவப்பு மரமான படாக் பலகையில் மெஷின் எழுத்தின் வடிவத்திலேயே குழி தோண்டும். அதே எழுத்தை அக்ரிலிக் தகட்டில் தனியாக வெட்டி எடுப்போம். வெட்டிய எழுத்தைக் கொண்டுவந்து குழியில் உட்கார வைக்க வேண்டும். ஊர் உலகத்தில் எல்லோரும் குழியைக் கொஞ்சம் தாராளமாகத் தோண்டி, பசையைத் தடவி, எழுத்தை ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நானும் அப்படித்தான் இடைவெளி விட்டு டிசைன் போட்டேன். அண்ணன் அதைப் பார்த்து, சோற்றில் முடி கிடந்த மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"என்னா தங்கச்சி இது? குழியா, குளமா?"

"பசை போகணும்ல அண்ணே."

"பசையா! பசை வெச்சா அது எழுத்து இல்ல, ஸ்டிக்கரு. நம்ம ஊரு ஈரத்துக்குப் பசை எத்தன நாளு நிக்கும்? எழுத்து தானா குழியப் புடிச்சுக்கிறணும். நடுவுல காத்துகூட பூரக் கூடாது. டீக் ஹை?"

"காத்தே போகலன்னா எழுத்து எப்படிண்ணே உள்ள போகும்?"

"போவாது. போக வைக்கணும்."

சொல்லிவிட்டு, அலமாரியில் சாமி படத்துக்குக் கீழே இருந்த மஞ்சள் துணி மூட்டையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு ரப்பர் செருப்பு வந்தது. நீல வார் போட்ட இடது கால் செருப்பு. எழுத்தைக் குழிமேல் வைத்தார், செருப்பை ஓங்கினார், பட்டென்று ஒரு போடு போட்டார். எழுத்து உள்ளே போய்விட்டது. என் உயிரும் கூடவே போய்விட்டது. ஏனென்றால் அது ஒரு குழந்தை டாக்டரின் பெயர்ப் பலகை. அந்த டாக்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! டாக்டர் பேருண்ணே!"

"ஆமா. சுத்தியல்ல அடிச்சா வெடிச்சிரும். கட்டையில அடிச்சா கீறல் வுழும். கையால அடிச்சா என் கை போயிரும். செருப்பு மெத்துனும் இருக்கு, கெட்டியாவும் இருக்கு. இதுக்குன்னே செஞ்சிருக்கானுவ பாரு."

"செருப்பு காலுக்குன்னு செஞ்சதுண்ணே!"

"அது கடைக்காரன் சொல்றது," என்றார் அண்ணன், அடுத்த எழுத்தை எடுத்தபடி.

அண்ணனின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. இத்தனை பேருக்குப் பெயர்ப் பலகை செய்த மனிதருக்குப் பெயர் இல்லை. அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, நிக்கோபார் பக்கம் கட்சால் தீவில் ரப்பர் எஸ்டேட்டில் குடியேறியவர்கள். அண்ணன் பிறந்தது அங்கேதான். ரப்பர் காட்டில் பழகிய பழக்கமோ என்னவோ, மழையோ வெயிலோ, காலில் எப்போதும் முழங்கால்வரை கம் பூட்ஸ்தான். செருப்பு போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. காலுக்குப் பூட்ஸ், கைக்குச் செருப்பு. ஜோடியாகத்தான் வாங்குவார். இடது கால் தொழிலுக்கு வரும். வலது கால் பிளாஸ்டிக் பையோடு அலமாரி மேலே போய்விடும். கேட்டால் "ஸ்பேர்" என்பார். இரண்டுமே ஒருநாளும் மண்ணைத் தொட்டதில்லை.

அடிப்பதிலும் அவருக்கு ஆள் பார்த்து அடி உண்டு. ஒருமுறை ரோடு போடும் கான்ட்ராக்டர் ஒருவரின் பலகை வந்தது. எங்கள் மேட்டு ரோட்டைப் போட்டவரே அவர்தான். போட்ட ரோடு முதல் மழையிலேயே கடலைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. கான்ட்ராக்டர் பக்கத்தில் நிற்கும்போதே அண்ணன் வேலையை ஆரம்பித்தார்.

"இது ரோட்டுக்கு." பட்! "இது சாக்கடைக்கு." பட்! "இது எங்க ஆயா வழுக்கி வுழுந்ததுக்கு." பட்!

கான்ட்ராக்டர் தமிழ் தெரியாதவர். "கியா போல் ரஹா ஹை?" என்று, அண்ணன் சொல்வதற்கு என்ன அர்த்தம் என என்னிடம் கேட்டார். அண்ணனே திரும்பி, "மந்தர் படித்தா ஹூம் சாப்," என்றார். மந்திரம் ஓதுகிறாராம்! கான்ட்ராக்டர் பயபக்தியோடு கைகூப்பினார். நான் உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஆயுத பூஜை அன்று நடந்ததுதான் என் ஆயுளில் பாதியைத் தின்றது.

எங்கள் மேட்டில் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. அதன் கமிட்டித் தலைவர் துறைமுக ஆபீசில் ரிட்டயரானவர். பளிச்சென்ற வேட்டி, அதைவிடப் பளிச்சென்ற கோபம். அவருக்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், செருப்பு. கோயில் வாசலில் செருப்புகள் கோடு போட்ட மாதிரி வரிசையாக நிற்க வேண்டும். ஒரு செருப்பு கோணலாகக் கிடந்தாலும், அது யாருடையது என்று கண்டுபிடித்து, பாதி அர்ச்சனையில் வெளியே கூப்பிட்டுத் திட்டுவார்.

அந்தத் தலைவரைத்தான் எங்கள் முதலாளி ஆயுத பூஜைக்கு அழைத்திருந்தார். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டருக்குப் பொட்டு. ஸ்பேனர், உளி, அளவு நாடா எல்லாம் வாழை இலையில் வரிசையாக. அந்த வரிசையின் நடுவில், சந்தனம் குங்குமத்தோடு, பூச்சரம் சுற்றி, மஞ்சள் துணி மூட்டை.

"அண்ணே, அத எடுத்துருங்க!" என்று கிசுகிசுத்தேன்.

"ஏன்? மெஷினு சாமி, கம்ப்யூட்டரு சாமி. வருசம் பூரா அடிச்சு ஒழைக்கிறது இது. இதுக்கு மட்டும் கெடையாதா?"

தலைவர் வந்தார். தேங்காய் உடைத்தார். தம் கையாலேயே சூடம் ஏற்றி எல்லாவற்றுக்கும் காட்டினார். மூட்டைக்கு முன்னால் நின்றார்.

"இது என்னப்பா?"

"என்னோட ஆயுதங்கய்யா," என்றார் அண்ணன்.

தலைவர் பரவசமாகிவிட்டார். தொழில் பக்தி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு அந்த மூட்டையை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு கண்ணில் அல்ல, இரண்டு கண்ணிலும். முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் மட்டும் சுண்டலுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

தை மாதம் அந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். புதுப் பலகை எங்களுக்கு வந்தது. ஆள் உயரப் படாக் பலகை, தங்க நிற அக்ரிலிக் எழுத்து. அண்ணன் ஒரு வாரமாக ஆளே மாறிப்போயிருந்தார். பீடியை விட்டார். காலையில் குளித்துத் திருநீறு பூசி வந்தார். புதிதாக ஒரு ஜோடி செருப்பும் வாங்கினார், ஆத்தாவுக்கென்று.

எழுத்தை இறக்கும் நாளன்று அவர் அடிக்கவே இல்லை, தட்டினார். "வா தாயி. மெல்ல வா. ஒன் வீடுதான், உக்காரு ஆத்தா," என்று ஒவ்வொரு எழுத்தையும் கொஞ்சிக்கொண்டே தட்டினார். 'மாரியம்மன்' என்பதில் 'மா' மேல் செருப்பு இறங்கிய நேரம், பிரசாதத் தட்டோடு தலைவர் வாசலில் நின்றார்.

"கையில என்னது?"

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். அண்ணன் சிரித்த முகத்தோடு அதைத் தூக்கிக் காட்டி, "செருப்புங்கய்யா," என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. மெஷின் சத்தமும் நின்றது.

தலைவர் தட்டை மேஜையில் வைத்தார். "ஆத்தா பேர் மேல செருப்பா? அடப்பாவி!"

"அடிக்கலங்கய்யா, குடிவெக்கிறேன்."

"பேசாதே! இவன் இனிமே இந்தப் பலகையைத் தொடக் கூடாது. கும்பாபிஷேகத்தன்னைக்கு இவன் காலடி கோயில் வாசல்ல படக் கூடாது. இல்லேன்னா இந்தக் கடைக்கு ஒரு தமிழன் வர மாட்டான், சொல்லிட்டேன்!"

முதலாளிக்கு வியர்த்து ஊற்றியது. "கொஞ்ச நாளைக்குக் கடைப்பக்கம் வராதப்பா," என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆயுத பூஜையை ஞாபகப்படுத்த ஒரு வார்த்தை போதும். அதற்குள் அண்ணன் என்னைப் பார்த்து, 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினார். செருப்பைத் துடைத்தார், மஞ்சள் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், கம் பூட்ஸ் சத்தம் கேட்க இறங்கிப் போனார். வாசல் தாண்டியதும் முழங்கையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். இந்த மனிதர் அழுவார் என்பதே எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

முதலாளி எங்கிருந்தோ ஒரு ரப்பர் சுத்தியல் வாங்கி வந்தார். பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, 'ரி' எழுத்தை வைத்து ஒரு அடி அடித்தார். எழுத்து குறுக்கே இரண்டாக வெடித்தது. தங்க நிறத் தகடு ஊரில் வேறு எங்கும் கிடையாது. மெயின்லேண்டிலிருந்து வர வேண்டிய கப்பல் ரிப்பேராகிச் சென்னையிலேயே நின்றது. மறுநாள் விட்டு மறுநாள் கும்பாபிஷேகம். மிச்சத் துண்டைத் திருப்பித் திருப்பி வைத்து, ஜாக்கெட் துணியில் கை வெட்ட இடம் தேடும் தையல்காரி போல அளந்து, ஒரே ஒரு 'ரி' வெட்டி எடுத்தேன். இதுவும் வெடித்தால் அம்மன் பெயர் 'மா' என்பதோடு நிற்கும். முதலாளி சுத்தியலை மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அந்த நேரம் தலைவரும் பலகையைப் பார்க்க வந்து, உடைந்த எழுத்தைக் கண்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனை விட்டால் வழியில்லை என்று கூப்பிட்டுப் பார்த்தேன், போன் அணைந்திருந்தது. அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போனால் பக்கத்து அறைக்காரர், "ஃபீனிக்ஸ் பேக்குப் போயிட்டாரு," என்றார். தீவுகளுக்குக் கப்பல் கிளம்பும் துறை அது. அண்ணனுக்குக் கோபம் வந்தால் கட்சாலுக்கே போகிறேன் என்று அங்கேதான் போவார். டிக்கெட் கிடைக்காது. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் தலைவரின் ஜீப்பில் போனோம். அங்கே போனால், அண்ணன் கப்பல் ஏறும் வரிசையில் நிற்கிறார். கையில் டிக்கெட்.

"அண்ணே, என்னண்ணே இது!"

"கெடச்சிருச்சு தங்கச்சி. வாழ்க்கையில மொத தடவ கெடச்சிருச்சு. ஆத்தாவே போன்னு சொல்றா."

'ஜீப்பிலேயே இருக்கிறேன்' என்று சொல்லியிருந்த தலைவர் மெல்ல இறங்கி வந்தார். "பசையைப் போட்டு ஒட்டிக் குடுத்துட்டுப் போப்பா."

"ஒட்டுறதுக்கு நான் எதுக்குங்கய்யா? யாரு வேணா ஒட்டலாமே."

"வேற எதையாவது வெச்சுத் தட்டேன். செருப்பு பட்டதுன்னா தீட்டுப்பா. ஊர் என்னைக் காறித் துப்பும்."

"அப்ப வுடுங்க. நான் வாரேன்." அண்ணன் குனிந்து பையை எடுத்தார். கக்கத்தில் மஞ்சள் மூட்டை தெரிந்தது. ஆயுத பூஜைக் குங்குமம்கூட இன்னும் அதில் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"ஐயா, அன்னைக்கு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டீங்களே, அந்த மூட்டைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நெனச்சீங்க?"

தலைவர் என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். அவருடைய கை தானாகக் கண்ணுக்குப் போய்ப் பாதியில் நின்றது. ஒலிபெருக்கியில் இந்தியில் ஏதோ சொன்னார்கள். எங்களுக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

அண்ணன்தான் முதலில் பேசினார். என் மேல் பாய்ந்தார். "ச்சே! என்னா தங்கச்சி நீயி! பெரிய மனுசன போயி நாலு பேரு மத்தியில... இதுக்குத்தான நான் வாயத் தொறக்காம வந்தேன்?" பிறகு தலைவரிடம் தணிந்த குரலில், "புதுசுங்கய்யா. மண்ணுல பட்டதே இல்ல," என்றார்.

தலைவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தேங்கா உடைச்சேனே."

"ஆமாங்க."

"சூடமும் காட்டினேன்."

"ஆமாங்க."

"ஆத்தா என்னை ஒண்ணும் செய்யலையே?"

"நல்லாத்தான இருக்கீங்க."

தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் படிக்கும் குரல் வந்துவிட்டது. "நான் செருப்பைக் கும்பிடுற ஆள் இல்ல. ஊருக்கே தெரியும். ஆனா அன்னைக்கு அதைக் கும்பிட்டேன். அப்போ அது செருப்பு இல்ல. ஆயுதம்! ஏறு ஜீப்புல."

கடை வாசலில் தலைவர் தம் செருப்பை நேராக விட்டுவிட்டு உள்ளே வந்தார். "துணியைப் பிரிக்காம அடிப்பா," என்றார் கடைசி முயற்சியாக.

"துணி சுத்துனா சத்தம் மாறிருங்கய்யா. சத்தம்தான சொல்லும், எழுத்து உக்காந்துச்சா இல்லயான்னு."

"அப்போ சத்தம் ரொம்ப வெளிய கேக்காம அடி."

அண்ணன் 'ரி'யைக் குழிமேல் வைத்தார். கட்டை விரலால் ஓரத்தைத் தடவினார். "கோவிச்சுக்காத தாயி," என்றார். செருப்பு இறங்கியது. 'தப்' என்று அடங்கிய ஒரு சத்தம். எழுத்து மரத்திலேயே முளைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. முதலாளி அழுதே விட்டார்.

மற்ற எழுத்துகளும் ஒவ்வொன்றாக இறங்கின. 'திருக்கோயில்' என்பதில் கடைசி 'ல்' மட்டும் பாக்கி. அப்போதுதான் என் வாழ்நாளின் மிகப் பெரிய அதிர்ச்சி நடந்தது. தலைவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"குடு. இதை நான் தட்டுறேன்."

கும்பாபிஷேகத்தன்று அண்ணன் வாசலில் தயங்கி நின்றதையும், தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனதையும் ஊரே பார்த்தது. ஆனால் பாதி வழியில் திரும்பி வந்து, அண்ணனின் கம் பூட்ஸைத் தலைவர் தம் கையாலேயே வரிசையில் நேராக வைத்ததைப் பார்த்தது நான் மட்டும்தான். கோபுரத்தில் தண்ணீர் ஊற்றியபோது அண்ணன் மேலே பார்க்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்து நாங்கள் கிளம்பியபோது, அண்ணன் ஒரு சின்னப் படாக் பலகை செய்துகொண்டு வந்தார். என் பெயர் மட்டும்தான் இருந்தது. வீட்டுக்காரர் திகைத்துப்போய், "என் பேரு?" என்றார். "ஒங்களுக்கு அடுத்த பலகையில பாக்கலாம் சார்," என்றார் அண்ணன். அந்த அடுத்த பலகை இன்றுவரை வரவில்லை. பலகையோடு என் கையில் ஒரு மஞ்சள் மூட்டையையும் கொடுத்தார். அலமாரி மேலிருந்த வலது கால்.

"ஒங்க ஊரு காஞ்ச ஊரு. மரம் காஞ்சு சுருங்குனா எழுத்து தலைய தூக்கும். பசை கிசைன்னு போயிராத. இந்தா, ஸ்பேரு."

இப்போது அந்தப் பலகை சிவகாசியில் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்கும் ஸ்கூட்டர் சாவிக்கும் நடுவில் மஞ்சள் மூட்டையையும் வைத்தேன். என் மாமியார், "இதுல என்னம்மா?" என்றார். "ஆயுதம் அத்தை," என்றேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பதறவே இல்லை.

சித்திரை வெயிலில் முதல் எழுத்து மட்டும் லேசாகத் தலை தூக்கியது. தெருவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மூட்டையைப் பிரித்தேன். ஒரே தட்டில் அது உட்கார்ந்துவிட்டது. மற்ற எழுத்துகள் அசையவே இல்லை. இருந்தாலும் அண்ணன் ஞாபகம் வரும் நாட்களில், கதவை ஒருக்களித்துவிட்டு, அவற்றையும் சும்மா ஒரு தட்டு தட்டிவைக்கிறேன்.